பழைய பியானோவிலிருந்து ஒரு ஃபிளமெங்கோ கிட்டார்

கேள்வி: ஃபிளமெங்கோ கிட்டார் பழகிவருகிறேன். தச்சு வேலையும் ஓரளவு தெரியும். எங்கள் கட்டடத்தில் பழைய பியானோ ஒன்றையும் வால்நட் மர அலமாரி ஒன்றையும் கழிக்கப்போகிறார்கள். இரண்டையும் பிரித்து ஒரு கிட்டார் செய்யலாமா? பியானோவின் ஒலிப்பலகையில் இரண்டு விரிசல்கள் இருக்கின்றன. குப்பை மரத்தில் நாதம் வராது என்கிறார்கள் நண்பர்கள்.
- ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஸ்பெயினில் எளிய கலைஞர்களின் கிட்டார்களுக்குப் பக்கமும் முதுகும் உள்ளூர் சைப்ரஸ் மரத்தில்தான் அமைந்தன. கடல் கடந்து வந்த ரோஸ்வுட்டைவிட அது மலிவு. எடை குறைந்த அந்த மரம் தந்த, சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் ஒலியைத்தான் இன்று ஃபிளமெங்கோவின் குரல் என்கிறோம். நண்பர்களிடம் ஸ்பானிய கிட்டார் தச்சர் அந்தோனியோ தெ தோரெஸைப் பற்றியும் சொல்லுங்கள். 1862இல் அவர் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, மேற்பலகைக்கு மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் போட்டு ஒரு கிட்டார் கட்டினார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனவே, எதில் சிக்கனம் பிடித்தாலும் மேற்பலகையில் பிடிக்காதீர்கள்.

பியானோவில் கைவைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. அதன் கம்பிகளின் மொத்த இழுவிசை 15 டன்னைத் தாண்டும். எல்லாக் கம்பிகளையும் சிறிது சிறிதாக, பல சுற்றுகளில் தளர்த்துங்கள். இரும்புச் சட்டத்தைத் தூக்க இன்னும் இரண்டு பேராவது வேண்டும்.

கிட்டாரின் மேற்பலகை பியானோவின் ஒலிப்பலகையிலிருந்துதான் வர வேண்டும். முதலில் அதன் ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட், விட்டுவிடுங்கள். முழு மரமாக இருந்து, ரேகைகள் நெருக்கமாகவும் நேராகவும் ஓடி, வெட்டுமுனையில் செங்குத்தாக நின்றால் அதிர்ஷ்டம்தான். விரிசலுக்காக வருந்த வேண்டாம். அது பெரும்பாலும் ரேகையோடுதான் ஓடும். அந்தக் கீற்றை அறுத்து எடுத்துவிட்டு மீதியை ஒட்டிக்கொள்ளலாம். 8 மி.மீ. கனம் இருந்தால் இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்ததுபோல் இணைத்து, 2 முதல் 2.5 மி.மீ. வரை இழையுங்கள். நான்கு துண்டுகளாக ஒட்டினாலும் பாதகமில்லை. பலகையின் பின்னால் ஒட்டியிருக்கும் சட்டங்களையும் எறியாதீர்கள். அவையும் ஸ்ப்ரூஸாக இருந்தால் உள்ளே வைக்கும் விசிறிச் சட்டங்களுக்கு ஆகும்.

அலமாரி உண்மையிலேயே வால்நட்தானா என்று முதலில் பாருங்கள். மலிவு மரத்தின் மேல் மெல்லிய வால்நட் தகடு ஒட்டியதாகவும் இருக்கலாம். முழு மரமென்றால் பக்கங்களை 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இழைத்து, சூடான குழாயில் வளையுங்கள். கணுவோ ஆணித்துளையோ இருந்தால் அந்த இடத்தில்தான் முறியும். வால்நட் சைப்ரஸைவிடக் கனமானது. அதனால் முதுகையும் தடிமனாக விடாதீர்கள்.

மரத்தைவிட முக்கியமானது கழுத்தின் கோணம். கைவினைஞர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். செவ்வியல் கிட்டாரில் கழுத்து சற்று முன்னோக்கிச் சாயும். ஃபிளமெங்கோவில் ஏறக்குறைய நேராகவே நிற்கும். அதனால் பிரிட்ஜ் அருகே கம்பிகள் மேற்பலகையிலிருந்து 7, 8 மி.மீ. உயரத்திலேயே ஓடும், 12ஆம் கட்டில் தடித்த கம்பிக்கு 3 மி.மீ. இடைவெளி போதும். விரல்களை விசிறிபோல் விரித்துக் கம்பிகளை மீட்டும் ரஸ்கியாதோவுக்கும் பலகையைத் தட்டி எழுப்பும் கோல்பேவுக்கும் இந்தத் தாழ்வு வேண்டும். அளவு தவறினால், எந்த மரத்தில் செய்தாலும் கையில் இருப்பது செவ்வியல் கிட்டார்தான்.

கட்டுக் கம்பிகள், நைலான் கம்பிகள், தட்டுமிடத்தில் ஒட்டும் தகடு ஆகியவற்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். கம்பிகளை முறுக்குவதற்குப் பழைய முறைப்படி மரப் பிருடைகளே போதும், வீணை வைத்திருப்பவர்கள் வீட்டில் கேட்டால் அவற்றின் தொல்லையையும் சேர்த்துச் சொல்வார்கள். பியானோவின் கறுப்புக் கட்டைகள் கருங்காலியாக இருந்தால் பிரிட்ஜின் அலங்காரத்துக்கு உதவும். வெள்ளைக் கட்டைகளின் மேலுள்ளது தந்தமாக இருந்தால் கிட்டாரில் ஒட்டாதீர்கள், சுங்கத்தில் சிக்கல்.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் சட்டங்களை ஒட்ட வேண்டாம். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும் நாளாகப் பார்த்து ஒட்டுங்கள்.