ஆலந்தூரில் எழுந்தது தப்பு

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்த்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் ஊர் திரும்பிய நாள் அது. சென்னை வரை விமானம், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் என்று மகன் டிக்கெட் போட்டிருந்தான். ரயில் சென்ட்ரலில் இரவு 9.05-க்கு. பெட்டியெல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் விமான நிலைய மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தபோது மணி 8. சாதாரணமாக 40 நிமிடத்தில் சென்ட்ரல் போய்விடலாம். நிதானமாக இட்லி வாங்கிக்கொண்டு ஏறியிருக்கலாம். எங்களுக்கு ரயிலே கிடைக்கவில்லை.

பெட்டியை எக்ஸ்ரேயில் விடுவது, டிக்கெட் வாங்குவது, கதவைத் தாண்டுவது எல்லாம் யாருக்கும் வரும். வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் எடுக்கலாம். கியூஆர் டிக்கெட்டுக்கும் அட்டைக்கும் நூற்றுக்கு 20 தள்ளுபடி உண்டு. விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு 40 ரூபாய், தள்ளுபடி போக 32. நான் சொல்ல வந்தது ஆலந்தூரில் நாங்கள் செய்த ஒரே ஒரு காரியத்தைப் பற்றி.

வடபழனியில் இருபது வருஷமாக இருக்கும் என் கொழுந்தனாருக்கு, வண்டி ஏறும்போதே போன் போட்டுக் கேட்டோம். "ஆலந்தூர்ல இறங்கி மாறிக்குங்க அண்ணி, அங்கதான் சென்ட்ரல் வண்டி வரும்" என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்த வண்டியின் பலகையில் 'விம்கோ நகர் பணிமனை' என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சென்ட்ரல் என்ற பேச்சே அதில் இல்லை. ஆலந்தூரில் அறிவிப்பு வேறு, பச்சை வழித்தடத்துக்கு இங்கே மாறலாம் என்றது. எழுந்து இறங்கிவிட்டோம்.

பச்சைத் தடம் வேறு தளத்தில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, கையில் மூன்று பெட்டி. லிஃப்ட்டுக்கு நின்றோம், அதற்குள் ஒரு வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியின் நெற்றியில் 'சென்ட்ரல்' என்று பளிச்சென்று இருந்தது. ஏறியபோது மணி 8.20. அசோக் நகர் தாண்டிய பிறகு பக்கத்தில் இருந்த ஒரு பெண் பெட்டிகளைப் பார்த்து, "ஏர்போர்ட்ல இருந்தா வர்றீங்க? எதுக்கும்மா இதுல ஏறுனீங்க? இது கோயம்பேடு, அண்ணா நகர்னு சுத்தித்தான் சென்ட்ரல் போகும். நீங்க வந்த வண்டியே நேரா போயிருக்குமே" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கியது.

விஷயம் இதுதான். வண்டியின் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரை மட்டுமே போடுகிறார்கள். நீலத் தடம் விமான நிலையத்தில் தொடங்கி, கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை வழியாகச் சென்ட்ரலைத் தொட்டு, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று வடக்கே போய் விம்கோ நகர் பணிமனையில் முடிகிறது. அதற்குச் சென்ட்ரல் நடுவழி நிலையம். அதனால்தான் பலகையில் அந்தப் பெயர் இல்லை. பச்சைத் தடம் பரங்கிமலையில் தொடங்கிச் சென்ட்ரலிலேயே முடிகிறது. அதனால் அதன் பலகையில் சென்ட்ரல். ஆலந்தூரிலிருந்து சென்ட்ரல் நீலத்தில் பத்தாவது நிலையம், பச்சையில் பதினைந்தாவது. வெளியூர்க்காரர் பலகையைப் பார்த்து எதில் ஏறுவார்? நான் ஏறியதில்தான் ஏறுவார்.

கட்டணத்திலும் இது தெரியாது. எங்கே நுழைந்தோம், எங்கே வெளியேறினோம் என்பது மட்டுமே வாயில் கதவுக்குத் தெரியும். அண்ணா சாலை வழியாக வந்தாலும் அண்ணா நகரைச் சுற்றி வந்தாலும் காசு ஒன்றுதான். கூடுதலாகப் பிடித்திருந்தாலாவது ஏதோ தப்பு என்று உறைத்திருக்கும்.

கோயம்பேடு தாண்டியதும் வண்டி பூமிக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுகிற நேரம் ஒரு யுகமாக இருந்தது. இறங்கி ஆட்டோ பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். அந்த நேரத்துப் போக்குவரத்தில் ஆட்டோ இன்னும் மோசம் என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கும்போது 8.58. ஏழு நிமிடம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது பூமிக்குள் பல அடுக்காக இறங்குகிற பெரிய நிலையம். மேலே ஏறி, சுரங்கப்பாதையில் நடந்து, ரயில் நிலையத்துக்குள் போய் நடைமேடையைக் கண்டுபிடிக்க, பெட்டியோடு போகிறவர்களுக்குக் கால் மணி நேரம் வேண்டும். நாங்கள் நடைமேடைக்குப் போனபோது துப்புரவுப் பெண் ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார். "இப்பத்தாம்மா போச்சு" என்றார்.

இரண்டு ஏசி டிக்கெட்டுக்கும் ஒரு பைசா திரும்பவில்லை. சேரன் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி, கழிப்பறைப் பக்கம் பெட்டி மேலேயே சேலம் வரை உட்கார்ந்து போனோம். முழங்கால் வலிக்காரர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கொழுந்தனாரிடம் கேட்டால், "டாக்சி எடுத்திருக்கலாமே அண்ணி" என்கிறார். மாலை வேளையில் கத்திப்பாராவையும் அண்ணா சாலையையும் டாக்சியில் தாண்டுவது பற்றி அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோ எடுத்தது தப்பில்லை. இறங்காமல் இருந்திருந்தால் 8.40-க்கு முன்பே சென்ட்ரலில் இருந்திருப்போம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு யோசித்தேன். 2015 ஜூன் 29 அன்று சென்னையில் முதன்முதலாக மெட்ரோ ஓடியது கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில்தான். அவர் வீட்டு வாசல் வழியாகப் போகிற தடம் அது. 2018 மே மாதம் பச்சைத் தடம் சென்ட்ரலுக்கு வந்தது. நீலத் தடம் அண்ணா சாலைக்குக் கீழே சென்ட்ரல் வரை வந்தது 2019 பிப்ரவரியில். இடைப்பட்ட அந்த மாதங்களில் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போக, ஆலந்தூரிலிருந்து பச்சைத் தடத்தில் போவதுதான் வழி. அப்போது கற்றதை அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வடபழனிக்காரருக்கு விமான நிலையம் போக இன்றும் ஆலந்தூரில் மாற வேண்டும்; அவர் பாதை அவருக்குச் சரி. ஊரிலேயே இருப்பவரிடம் வழி கேட்டால், அவர் தினமும் போகிற வழியைத்தான் சொல்வார். ஆகவே யாரையும் கேட்காதீர்கள், நடைமேடையில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் கோட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். எழும்பூரில் ரயில் என்றால், சென்ட்ரல் வரை நீலத்தில் போய், அங்கே பச்சைக்கு மாறி ஒரே ஒரு நிலையம் திரும்பி வரலாம். பெட்டி குறைவாக இருந்தால் அதுகூட வேண்டாம். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் மாறாமலே எழும்பூர். தென் மாவட்டப் பேருந்து என்றால் கோயம்பேட்டுக்கு மெட்ரோவில் போய்விடாதீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தார்கள், அந்த வண்டிகளெல்லாம் அங்கே போய்விட்டன. எங்கள் தெருக்காரர் ஒருவர் நெல்லை வண்டிக்காகக் கோயம்பேட்டில் போய் நின்றார்.

சில வேளைகளில் விமான நிலையத்திலிருந்தே கோயம்பேடு வழியாகச் சென்ட்ரலுக்கு நேர் வண்டி விடுவதும் உண்டு. அதன் பலகையிலும் சென்ட்ரல் என்றுதான் இருக்கும். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அதை விட்டுவிடுங்கள். விம்கோ நகர் என்று போட்டிருப்பதில் ஏறுங்கள். ஆலந்தூரில் பாதி வண்டி எழுந்து இறங்கும், நீங்கள் இறங்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து பதின்மூன்றாவது நிறுத்தம் சென்ட்ரல்.