பால் பத்தவில்லை என்று சொல்லும் முன்

தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கு மேல் இன்று மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வைப் பார்த்தால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் ஏறக்குறைய 60 சதவீதம்தான். பிரசவம் வார்டுக்கு வந்துவிட்டது. கட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் பேச்சு மாறவில்லை. தலைப்பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள் இந்தப் பேச்சுகளுக்கான பதிலை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வலி வந்தபின் வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது.

“சீம்பால் செரிக்காது, பீய்ச்சி விட்டுடு”

முதல் இரண்டு மூன்று நாட்கள் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்களும் வைட்டமின் ஏ சத்தும் செறிந்திருக்கின்றன. குழந்தையின் வயிற்றில் இருக்கும் கரும்பச்சை மலம் வெளியேறவும் அது உதவுகிறது. ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது.

“பாலே ஊறல, பிள்ளை பசியில கத்துது”

அதிகம் கெடுதல் செய்வது இந்த ஒரு வாக்கியம்தான் என்பேன். பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவது சில மில்லிலிட்டர்தான். சீம்பாலும் அந்த அளவுக்குத்தான் வரும். மார்பு கனத்துப் பால் பெருகுவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். அதற்குள் பயந்துபோய்ப் பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தால், வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் சப்பாது. சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். கடைசியில் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்பார்கள்.

அழுகையை வைத்துப் பாலை அளக்க வேண்டாம், சிறுநீரை வைத்து அளக்கலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாக ஈரம் செய்தால் பால் போதுகிறது என்று பொருள். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் தாய்க்கு வலிக்கும், குழந்தைக்குப் பால் சரியாக வராது. சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். அதை நர்ஸிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

சிசேரியன் ஆனவருக்கும் பால் வரும். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவைசிகிச்சை என்றால் தாய் விழித்தேதான் இருப்பார். ஒருவர் பிடித்துக்கொண்டால் படுத்தபடியே கொடுக்கலாம். அந்த ஒருவர் அப்பாவாக இருக்கட்டும். பால் டின் வாங்க ஓடுவதைவிடப் பெரிய உதவி அது. மருத்துவரே காரணம் சொல்லி வேறு பால் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். அதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை.

“சேனை தொட்டு வைக்கணும்”

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரைமருந்து எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஒரு வயது வரை தேன் கூடாது. தாய்ப்பாலில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பதால் சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை. சேனை வைக்கக் காத்திருக்கும் தாத்தா பாட்டியின் ஆசைக்கு வழியே இல்லையா? மடியில் வைத்துத் தாலாட்டட்டும். நெஞ்சோடு அணைத்து ஏப்பம் விட வைக்கட்டும்.

“மூக்குல எண்ணெய் விட்டு ஊதினா சளி போயிடும்”

எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சாம்பிராணிப் புகையும் மூச்சுக்கு ஆகாது. கண்ணுக்குள் மையும் வேண்டாம். சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது.

“பச்ச உடம்பு, தண்ணி அதிகம் குடிக்காதே”

பூண்டும் பால்சுறாப் புட்டும் நல்ல சாப்பாடு; பத்தியத்தில் அந்தப் பகுதியை நான் மனதாரப் பாராட்டுவேன். தண்ணீரை மறுப்பதுதான் தவறு. பால் கொடுப்பவருக்குத் தாகம் கூடும், கேட்கிற அளவு கொடுங்கள். தாய் தண்ணீர் குடிப்பதால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. தண்ணீர் குறைந்து, எழுந்து நடமாடாமலும் படுத்திருந்தால் மலச்சிக்கல் வரும். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயமும் கூடும்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டு தூங்கினாலோ, பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, பின்னர் உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோ ஒரு காலில் மட்டும் வீக்கமோ வந்தாலோ, யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.