குழாயில் உள்ள எண்ணைப் படியுங்கள்

தாராவித் தமிழர்களில் பலருக்கு நெல்லைச் சீமைதான் சொந்த ஊர். இங்கே உழைத்த பணம் அங்கே தோட்டத்துக்குப் போகிறது.

"சொட்டு நீர்க் குழாய் எதை வாங்கட்டும்ணே?" என்று தம்பி போனில் கேட்கிறான். விலை குறைந்ததை வாங்கு என்று சொல்லிவிடலாமா? என்ன பயிர், என்ன மண் என்று முதலில் கேளுங்கள்.

தென்னை என்றால் மரத்துக்கு மரம் 25 அடி. அதற்குத் துளை இல்லாத குழாய் போதும். மரத்தடியில் மட்டும் துளையிட்டு டிரிப்பர் செருகலாம். மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் நான்கு வைத்தால், இரண்டு மணி நேரத்தில் 64 லிட்டர்.

கத்தரி, மிளகாய்க்கு இன்லைன் குழாய். டிரிப்பர் உள்ளேயே இருக்கும். இடைவெளியைப் பிறகு மாற்ற முடியாது! தேரி மணலில் தண்ணீர் பக்கத்தில் பரவாது, நேரே கீழே இறங்கிவிடும். அங்கே 30 செ.மீ. இடைவெளி வேண்டும். கரிசலில் 60 செ.மீ. கூடப் போதும்.

குழாய் மேலே 16, 4, 30 என்று அச்சிட்டிருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, எண் தெரியுமே! 16 மி.மீ. குழாயின் பருமன். மணிக்கு 4 லிட்டர் நீர். 30 செ.மீ. இடைவெளி. பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கட்டும்.

கிணற்றில் பாசி உண்டா? மணல் வடிகட்டி போடச் சொல்லுங்கள். டிரிப்பரின் வழி மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால், செடி வாடிய பிறகுதான் தெரியும்.