பெருத்த சிசுவும் பிரசவமும்

நிறைமாதக் கர்ப்பிணியின் வயிறு வழக்கத்துக்கு மேல் பெருத்துக் காணப்படின், நமது கிராமங்களில் இருவிதமான பேச்சு எழுவதுண்டு. "பிள்ளை நல்ல புஷ்டியாகப் பிறக்கும்" என்று பெருமை கொள்வோர் ஒரு சாரார். "பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமாகும்; சோற்றைக் குறை" என்று வயிற்றைக் கட்டச் சொல்வோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் தவறேயாம். முன்னது நோயை மறைக்கும். பின்னது தாயை மெலிவிக்கும். செய்யத்தக்கது யாதெனில், காரணத்தைச் சோதித்து அறிதலே.

பெருத்த சிசு என்பது யாது?

நம் நாட்டில் பெரும்பாலான குழந்தைகள் 2½ முதல் 3½ கிலோ எடையுடன் பிறக்கின்றன. 4 கிலோவும் அதற்கு மேலும் உள்ளதைப் பெருத்த சிசு என வைத்தியர் கூறுவர். வயிற்றின் பருமன் ஒன்றைக்கொண்டே இதனை நிச்சயிக்கலாகாது. மாதக் கணக்குத் தவறியிருக்கலாம், இரட்டைப் பிள்ளைகளாயிருக்கலாம், பனிக்குட நீர் மிகுந்திருக்கலாம். ஆதலின் செவிலியர் நாடாவினால் வயிற்றை அளக்கிறார். ஆறாம் மாதத்துக்குப் பின் கருப்பையின் உயரம் சென்டிமீட்டரில் எவ்வளவோ, ஏறக்குறைய அத்தனை வாரக் கர்ப்பம் என்பது கணக்கு. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காணின் ஸ்கேன் பார்த்தல் வேண்டும். ஸ்கேன் காட்டும் எடையும் மதிப்பே. 4 கிலோ என்று சொல்லப்பட்ட குழந்தை அரைக் கிலோ கூடியோ குறைந்தோ பிறத்தல் உண்டு.

காரணங்கள்

தாய் தந்தையர் உடல்வாகு, தாயின் அதிக எடை, குறித்த நாள் கடந்து பிறத்தல், முன்பே பல குழந்தைகள் பெற்றிருத்தல் ஆகியவை காரணங்களாகலாம். இவற்றினும் முக்கியமானது கர்ப்ப காலத்துச் சர்க்கரை நோய். தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நஞ்சின் வழியே சிசுவைச் சேரும். தாயின் உடலில் சுரக்கும் இன்சுலினோ அவ்வழி செல்லாது. ஆகவே சிசு தானே அதிக இன்சுலினைச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிப் பருக்கிறது. தோளும் வயிறும் மிகப் பருப்பது இதனாலேயே. இந்நோய் பெரும்பாலும் வெளிக்கு யாதொரு குறியும் காட்டாது.

சோதனை

தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்யவேண்டுமென 2007-ம் வருஷத்தில் அரசாங்க உத்தரவு பிறந்தது. முதல் முறை காட்டிக்கொள்ளும்போதும், மறுபடி 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் செய்தல் வேண்டும். 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்க்கப்படும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் நோய் உண்டு. இதற்கு வெறும் வயிற்றோடு செல்லவேண்டுவதில்லை. முதல் முறை நன்றாயிருந்ததென்று இரண்டாம் முறையை விட்டுவிடலாகாது.

ஆகாரம்

பட்டினியால் இந்நோய் தீராது. இரத்தக் குறைவே மிகும். ஒரே வேளையில் குவித்து உண்ணும் சோற்றைக் குறைத்து, பல வேளைகளாகப் பிரித்து உண்க. பயறு, சுண்டல், கீரை, மோர், முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுக. சீனி சேர்த்த காப்பி, பலகாரம், பழரசம் தவிர்க்க. கேழ்வரகும் அளவோடு கொள்ளத்தக்கதே. வைத்தியர் தடை சொல்லாவிடில், உணவுக்குப்பின் சிறிது நடத்தல் நலம். இவை போதாவிடில் மருந்தோ இன்சுலின் ஊசியோ தருவர், அதற்கு அஞ்சவேண்டாம்.

பிரசவ காலம்

பெருத்த சிசுக்களிற் பெரும்பாலானவை சுகமாகவே பிறக்கின்றன. ஆபரேஷன் அவசியமா என்பதை வைத்தியர் நிச்சயிப்பார். எனினும், தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் ஒன்றுண்டு. அப்பொழுது சில நிமிஷங்களுக்குள், தாயின் இரு தொடைகளையும் வயிற்றின்மீது நன்கு மடக்குதல் முதலான முறைகளைப் பழகியவர் கையாளவேண்டும். மேல்வயிற்றை அமுக்குவதும், தலையைப் பிடித்திழுப்பதும் சிசுவின் கையை முடமாக்கலாம்; உயிருக்கும் கேடாகலாம். பிரசவத்துக்குப்பின் இரத்தப்போக்கு மிகுதலும் கூடும். ஆகவே இத்தகைய பிரசவம் வீட்டில் நடைபெறலாகாது. வைத்தியரும் இரத்த வசதியும் உள்ள ஆஸ்பத்திரியை முன்னரே குறித்துக்கொள்க.

சர்க்கரை நோயுள்ள தாயின் சிசுவுக்குப் பிறந்தவுடன் இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையலாம். பெருத்த பிள்ளைதானே என்று அலட்சியம் செய்யாது, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்டுக. சேனை வைத்தல் வேண்டா. தாய் ஆறு வாரங்கழித்து மறுபடியும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். இந்நோய் பிற்காலத்தில் நிரந்தரமாகத் திரும்புவதுண்டு.

சங்கம் செய்யத்தக்கவை

கடனுக்கு ஜாமீன் நிற்கும் நாம் உயிருக்கும் ஜாமீன் நிற்றல் தகும். ஒவ்வொரு சங்கமும் தன் கிராமத்துக் கர்ப்பிணிகளின் பிரசவ மாதத்தைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கலந்து தெரிந்துகொள்க. 2008-ம் வருஷம் முதல் இலவசமாய் நடைபெற்றுவரும் 108 ஆம்புலன்ஸ் வர நேரமாகுமானால் உதவ, இரவில் ஒரு வண்டியை ஏற்பாடு செய்க. இரத்தம் கொடுக்கக்கூடிய இருவரையும் குறித்து வைக்க.

கூட்டத்தில் கேட்கத்தக்க கேள்விகள்

1. வயிறு பெருத்துக் காண்பதற்குச் சிசுவின் பருமனன்றி வேறு காரணங்கள் எவை?
2. சோற்றைக் குறைத்தால் மட்டும் போதாதது ஏன்?
3. சர்க்கரைச் சோதனையை எந்த வாரங்களில் செய்தல் வேண்டும்?
4. நம் கிராமத்தில் இம்மாதம் இச்சோதனை செய்துகொள்ளவேண்டியவர் எத்தனை பேர்?

நான்காவது கேள்விக்கு விடை கூற இயலாத சங்கம், இப்பாடத்தை இன்னொரு முறை படித்தல் நன்று.