டயரைப் பிடித்திருப்பது எது?
(பீட்லாக் சக்கரத் தேர்வும் இயற்பியலும்)

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

முன்னுரை

கரடுமுரடான பாதையில் செல்லும் ஊர்தியின் திறமையை எஞ்சினில் தேடுவோர் பலர். ஆனால் எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் தரையைச் சேர்வது டயர் மண்ணைத் தொடும் ஒரு சிறு பரப்பின் வழியாகத்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோயாப் பாறைகளிலும், கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையிலும் ஊர்தி ஓட்டுவோர் அந்தப் பரப்பைப் பெருக்குவதற்காகவே ‘பீட்லாக்’ என்னும் தனிவகைச் சக்கரத்தைப் பூட்டுகின்றனர். இன்று நம் நாட்டு ஜீப் பிரியர்களும் அதன்மேல் ஆசை கொண்டுள்ளனர். எது உண்மையான பீட்லாக், எது அதன் தோற்றம் மட்டும் கொண்டது, யாருக்கு எது வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தை நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்குப் பஞ்சர் பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் அழுத்தம், பரப்பு, உராய்வு என்று நாம் படிப்பவை எங்கள் கடையில் காற்று, ரிம், ரிங் என்ற பெயர்களில் நடமாடுவதை நாள்தோறும் காண்கிறேன். இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

காற்றைக் குறைப்பது ஏன்?

ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். டயரில் சதுர அங்குலத்திற்கு 35 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.46 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 203 சதுர சென்டிமீட்டர். காற்றை 10 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு சுமார் 711 சதுர சென்டிமீட்டராகிறது. டயரின் பக்கச் சுவரும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால், நடைமுறையில் பரப்பு இந்த அளவுக்குப் பெருகாது. ஆயினும் போக்கு இதுவே. பரப்பு பெருகினால் டயர் மணலில் புதையாது; பாறையின் மேடுபள்ளத்தைத் தழுவிக்கொள்ளும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. மணலின் இயற்பியலைப் பற்றி 1941-இல் நூல் வெளியிட்ட இங்கிலாந்தின் ரால்ப் பாக்னால்டு, அதற்கு முன்பே லிபியப் பாலைவனத்தில் போர்டு கார்களை டயர்க் காற்றைக் குறைத்து ஓட்டியவர். இரண்டாம் உலகப்போரில் கடலிலும் கரையிலும் ஓடிய அமெரிக்க ‘டக்’ ஊர்தியில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது.

குறைத்தால் வரும் ஆபத்து

டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பிகளைச் சுற்றிப் பதித்த தடித்த வளையம் ஒன்று உண்டு. அதுவே பீட். சாதாரணச் சக்கரத்தில் இந்தப் பீட்டை ரிம்மின் விளிம்போடு அழுத்தி வைத்திருப்பது எது? ஆணியன்று, பசையன்று, உள்ளே இருக்கும் காற்றுதான்.

அந்த விசையை நாமே கணக்கிடலாம். 17 அங்குல ரிம்மில் 35 அங்குல உயர டயர் மாட்டியிருப்பதாகக் கொள்வோம். பீட்டின் ஆரம் ஏறத்தாழ 21.8 சென்டிமீட்டர், டயர் மிக அகன்று நிற்கும் இடத்தின் ஆரம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். இவ்விரு வட்டங்களுக்கும் இடையிலுள்ள வளையப் பரப்பு சுமார் 1,930 சதுர சென்டிமீட்டர். இதனைக் காற்றழுத்தத்தால் பெருக்கினால் பீட்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை கிடைக்கும். 35 பவுண்டில் இது சுமார் 4,700 கிலோ. 10 பவுண்டில் சுமார் 1,350 கிலோ மட்டுமே.

பிடிப்பு இவ்வளவு தளர்ந்த நிலையில் டயர் இரு பாறைகளுக்கிடையே சிக்கினாலோ, ஊர்தி மணலில் வேகமாகத் திரும்பினாலோ, பீட் ரிம்மின் நடுப்பள்ளத்தை நோக்கி வழுக்கிவிடும். நொடியில் காற்று முழுவதும் வெளியேறும். எஞ்சின் பலமாகச் சுழற்றும்போது டயர் அசையாமல் ரிம் மட்டும் உள்ளே சுழல்வதும் உண்டு.

பீட்லாக் செய்யும் வேலை

உண்மையான பீட்லாக்கில் டயரின் வெளிப்புறப் பீட், ரிம்முக்கும் தனி வளையம் ஒன்றுக்கும் இடையே வைக்கப்பட்டு, சுற்றிலும் பல போல்ட்டுகளால் இறுக்கப்படுகிறது. உள்புறப் பீட் பெரும்பாலும் பழையபடி காற்றையே நம்பியிருக்கும். இருபுறமும் பூட்டும் வகைகளும் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் ‘ஹம்வீ’ ஊர்தியிலோ ரிம்மே இரண்டு துண்டுகளாகச் செய்து போல்ட்டால் இணைக்கப்பட்டு, உள்ளே இரு பீட்டுகளையும் அழுத்திப் பிடிக்கும் அமைப்பு வைக்கப்பட்டுள்ளது.

போல்ட்டின் வலிமையைப் பார்ப்போம். 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை 20 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசையில் இறுக்கினால், வழக்கமான உராய்வுக் கணக்கின்படி அது ஏறத்தாழ 12,500 நியூட்டன், அதாவது சுமார் 1,270 கிலோ விசையுடன் பிடிக்கும். 24 போல்ட்டுகள் சேர்ந்தால் 30 டன்! இதில் ஒரு பகுதி வளையமும் ரிம்மும் தம்முள் அழுந்துவதில் கழிந்தாலும், எஞ்சும் பிடி காற்று குறைவதால் குறையாது. பீட்லாக்கின் சிறப்பு முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

மூவகைச் சக்கரங்கள்

கடையில் விற்பவை மூன்று வகை. முதலாவது, மேலே கூறிய உண்மையான பீட்லாக். இரண்டாவது, பின்னர் பீட்லாக்காக மாற்றத்தக்கது. 2021-இல் வந்த போர்டு பிராங்கோவின் ‘சாஸ்குவாட்ச்’ தொகுப்பில் வரும் சக்கரம் இவ்வகையே. அதில் முதலில் இருப்பது அலங்கார வளையம். தனியாக விற்கப்படும் வளையத்தை வாங்கி மாற்றினால்தான் அது பீட்டைப் பிடிக்கும். மூன்றாவது, பீட்லாக் போன்ற தோற்றம் மட்டும் கொண்டது. சுற்றிலும் போல்ட் தலைகள் மின்னும். ஆனால் அவை எதையும் பிடித்திருப்பதில்லை.

சென்ற ஆண்டு இளைஞர் ஒருவர் இவ்வகைச் சக்கரங்கள் பூட்டிய ஜீப்பைக் கடைக்குக் கொண்டு வந்தார். மலைப்பாதைக்குப் போவதாகவும், காற்றை எட்டுப் பவுண்டாக இறக்கித் தரும்படியும் கேட்டார். என் தந்தை சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த போல்ட்டெல்லாம் எதைப் புடிச்சிருக்குதுங்க?” என்றார். “அது ஷோவுக்குத்தானுங்கண்ணா” என்று சிரித்தார் இளைஞர். “அப்ப டயரும் ஷோவுக்குத்தானுங்க நிக்கும்” என்று கூறி, பதினெட்டுக்குக் கீழே இறக்க மறுத்துவிட்டார். பாஸ்கலின் பெயரை அறியாத அவருக்குப் பாஸ்கலின் பொருள் தெரிந்திருந்தது.

லாரி ரிங் தரும் பாடம்

இந்த அறிவு அவருக்கு லாரிச் சக்கரத்திலிருந்து வந்தது. ட்யூப் போட்ட லாரி டயர்களுக்குரிய பழைய வகை ரிம்மில் தனி ரிங்கும் லாக் ரிங்கும் உண்டு. அவற்றைப் பிடிப்பது போல்ட்டன்று. காற்று தள்ளத் தள்ள ரிங் தன் பள்ளத்தில் இறுகுகிறது. 20 அங்குல ரிம்மில் 100 பவுண்டு காற்று ஏறும்போது ரிங்கைத் தள்ளும் விசை ஏறத்தாழ 18 டன். ரிங் துருப்பிடித்தோ சரியாக அமராமலோ இருந்தால் அத்தனை விசையும் எதிரே நிற்கும் மனிதன் மேல் பாயும். என் தந்தையின் தொழில் தோழர் ஒருவர் அப்படித்தான் இடக்கண்ணை இழந்தார். அமெரிக்காவில் 1980-இலேயே இத்தகைய சக்கரங்களுக்குக் கூண்டு போன்ற தடுப்புக்குள் வைத்தே காற்றேற்ற வேண்டும் என விதி செய்தனர். நம் சாலையோரக் கடைகள் பலவற்றில் அந்தக் கூண்டு இன்றும் இல்லை.

பீட்லாக்கிலும் இதே எச்சரிக்கை தேவை. உள்ளே காற்று இருக்கும்போது வளையத்தின் போல்ட்டுகளைக் கழற்றலாகாது. முதலில் வால்வின் உள்ளூசியைக் கழற்றி, காற்று முழுவதும் போன பிறகே ஸ்பேனரைத் தொடவேண்டும்.

தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

1. எவ்வளவு குறைந்த காற்றில் ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்க. மண் பாதைக்கும் சாதாரண மணலுக்கும் 15 முதல் 20 பவுண்டு போதுமென்றால் நல்ல சாதாரண ரிம்மே போதும். 10-க்குக் கீழே பாறையில் ஏறுவோருக்கே பீட்லாக் தேவை.

2. நாள்தோறும் சாலையில் ஓடும் ஊர்தியா என்று பார்க்க. பல பீட்லாக் சக்கரங்களைத் தயாரிப்பாளர்களே சாலைக்கன்று, போட்டிக்கும் காட்டுப்பாதைக்கும் மட்டும் என்று குறித்து விற்கின்றனர். வளையமும் போல்ட்டுகளும் சக்கரத்தின் எடையையும் கூட்டுகின்றன.

3. பராமரிக்கப் பொறுமை உண்டா? போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, அளவு காட்டும் ஸ்பேனரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கவேண்டும். சிறிது தூரம் ஓடிய பின் மீண்டும் சோதிக்கவேண்டும். ஒருபுறம் மட்டும் இறுகினால் வளையம் வளையும்; காற்று கசியும்.

4. சக்கரத்தின் சுமைத் திறன் ஊர்தியின் எடைக்குக் குறையாதிருக்கவேண்டும். பிரேக்கில் உராயாமல் பொருந்தவேண்டும். அடிபட்ட வளையத்தையும் போல்ட்டையும் தனியே வாங்க இயலவேண்டும்.

5. தோற்றத்துக்காக மட்டும் வாங்குவோர் மூன்றாம் வகையைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதனைச் சாதாரணச் சக்கரமாகவே கருதிக் காற்றை நிறைவாக வைத்திருக்கவேண்டும்.

முடிவுரை

எந்தச் சக்கரத்தைக் கண்டாலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: டயரைப் பிடித்திருப்பது காற்றா, இரும்பா? காற்று என்றால் காற்றைக் குறைக்காதீர். இரும்பு என்றால் அதைச் சோதிக்க மறவாதீர். இக்கேள்விக்கு விடை சொல்ல நம் முதலாண்டுப் பாடமே போதுமானது. நம்மில் பலர் பட்டறையிலிருந்தும் வயலிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் இக்கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் கற்ற கணக்கை அந்த இடங்களுக்கு எடுத்துச் சென்று, ஒரு கண்ணையோ கையையோ காக்க முடியுமானால், அதுவே நாம் பெறும் பட்டத்தின் பயன்.