புயல் காலத்தில் கைகொடுக்கும் டிரான்சிஸ்டர்

ஐப்பசியும் கார்த்திகையும் கடலோர மாவட்டங்களுக்கு மழை தரும் மாதங்கள். புயல் தரும் மாதங்களும் அவையே. மழைக்கு முன் வரப்பைச் செதுக்கி, வடிகாலைத் தூர் வாரி வைக்கும் விவசாயி, வீட்டில் ஒரு சிறு டிரான்சிஸ்டர் ரேடியோவையும் சரிபார்த்து வைத்துக் கொள்வது நல்லது. புயல் அடித்தால் முதலில் போவது மின்சாரம். அதோடு டெலிவிஷன் நின்று விடும். செல்போன் கோபுரத்தின் பாட்டரியும் டீசலும் தீர்ந்ததும் செல்போனும் ஊமையாகி விடும். பாட்டரிக் கட்டையில் ஓடும் ரேடியோ, வானொலி நிலையம் இயங்கும் வரை பேசிக் கொண்டிருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்ததால் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வரப் பல வாரங்கள் ஆயின. வெளிச் செய்தி மிகவும் தேவைப்படும் நாட்களில்தான் அது கிடைக்காமல் போகிறது என்பது அப்போது கண்ட பாடம்.

டெல்டா விவசாயிக்கு ரேடியோ புதிதல்ல. 1960களில் ஆடுதுறை 27 நெல் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளால் பரவியதால், தஞ்சைப் பகுதியில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. வங்கதேசத்தில் 1970 நவம்பர் புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் 1972ல் அங்கே தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில், கிராமத் தொண்டர் குழுக்களுக்கு டிரான்சிஸ்டரும் மெகாபோனும் கொடுத்தார்கள். ரேடியோவில் கேட்டதைத் தொண்டர்கள் தெருத்தெருவாகச் சென்று சொல்வார்கள். வீட்டுக்கு ஒன்று இயலாவிட்டாலும், தெருவுக்கு ஒரு ரேடியோவாவது இருக்க வேண்டும்.

எதை வாங்குவது?

1. மத்திய அலை, பண்பலை இரண்டும் எடுக்கும் ரேடியோ நல்லது. பண்பலை தெளிவாகக் கேட்கும். ஆனால் நெடுந்தூரம் எட்டாது. மத்திய அலை தொலைவிலிருந்தும், முக்கியமாக இரவில், வந்து சேரும்.

2. இப்போது விற்கும் பல ரேடியோக்கள் செல்போனைப் போல் சார்ஜ் ஏற்றும் வகை. மின்சாரம் இல்லாத நாட்களில் இவை விரைவில் நின்று விடும். சாதாரணப் பாட்டரிக் கட்டையும் போட முடியுமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

3. கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் உண்டாகும் ரேடியோவும், சூரிய ஒளித் தகடு வைத்ததும் கிடைக்கின்றன. மேகம் மூடிய புயல் நாளில் தகடு அதிகம் உதவாது, கைப்பிடி உதவும்.

4. பண்பலை ரேடியோ உள்ள செல்போனும் உதவும். இதற்குக் கோபுரம் வேண்டாம். பெரும்பாலானவற்றில் காதில் மாட்டும் ஒயரைச் செருகினால்தான் ரேடியோ எடுக்கும். அந்த ஒயரே ஏரியல்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

சில ஊர்களில் மத்திய அலை ஒலிபரப்பு நின்று பண்பலைக்கு மாறியிருக்கிறது. ஆகவே பழைய நினைவில் முள்ளை வைக்காமல், இப்போதே தேடிப் பார்த்து, நிலையம் கிடைக்கும் எண்ணையும் செய்தி நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ரேடியோவின் முதுகில் ஒட்டி விடவும். மத்திய அலையில் ஒலி குறைந்தால் ரேடியோவையே சற்றுத் திருப்பி வைக்கவும். பண்பலைக்கு ஏரியல் கம்பியை முழுதும் நீட்டவும்.

பயன்படுத்தாத காலத்தில் கட்டைகளை வெளியே எடுத்து வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் கசிந்து, தகடுகளை அரித்து விடும். துருப் பிடித்த தகட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். பழைய கட்டையையும் புதிய கட்டையையும் கலந்து போடக் கூடாது. ஒரு ஜோடிப் புதிய கட்டையைப் பிரிக்காமல் ரேடியோவுடன் பாலிதீன் பையில் கட்டி வைக்கவும். புயல் நாளில் பாட்டுக் கேட்காமல், செய்தி நேரத்தில் மட்டும் போட்டால் கட்டை பல நாள் வரும்.

அறிவிப்பைப் புரிந்து கொள்ளுதல்

காற்றின் வேகத்தைக் கொண்டே வானிலை ஆய்வுத் துறை பெயர் சொல்கிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். அதற்கு மேல் மிகத் தீவிரப் புயல்.

பாதிப்புக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு மஞ்சள் நிற அறிவிப்பும், 24 மணி நேரம் முன்பு ஆரஞ்சு நிற எச்சரிக்கையும், 12 மணி நேரம் முன்பு சிவப்பு அறிவிப்பும் வருவது முறை.

ஒவ்வொரு முறையும் மூன்றைக் குறித்துக் கொள்ளவும்: புயல் இருக்கும் தூரம், நகரும் வேகம், கரை கடக்கும் இடம். 300 கிலோமீட்டர் தூரத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், மையம் வந்து சேர 20 மணி நேரம். ஆனால் பலத்த காற்று மையத்துக்குப் பல மணி முன்பே தொடங்கி விடும். வேகமும் திசையும் மாறக் கூடும். ஆகவே ஒருமுறை கேட்டது போதும் என்று இருந்துவிடக் கூடாது.

கேட்டதும் வயலிலும் வீட்டிலும்

மஞ்சள் அறிவிப்பு கேட்டதும் வடிகால் வாய்களைத் திறந்து விடவும். சம்பாவுக்கு மேலுரம் போடுவதையும் மருந்து அடிப்பதையும் நிறுத்தவும். முற்றிய கதிர் இருந்தால் அறுத்து, மேட்டில் சேர்த்து மூடவும். தென்னையில் முதிர்ந்த காய்களையும் இளநீரையும் பறித்து, அடி மட்டைகளை வெட்டினால் தலைப்பாரம் குறையும். வாழையில் விளைந்த தார்களை வெட்டி விற்று விடலாம். மற்றவற்றுக்கு முட்டுக் கொடுத்து, கீழ் இலைகளைக் கழிக்கவும்.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்தபின் வயல் வேலையை விரைந்து முடித்து, வீட்டைக் கவனிக்க வேண்டும். விதை நெல், பட்டா, ரேஷன் கார்டு ஆகியவற்றைப் பாலிதீன் உறையில் கட்டி உயரத்தில் வைக்கவும். பம்பு செட்டின் மின் இணைப்பைத் துண்டிக்கவும். மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டி, கயிற்றை அவிழ்த்து விடவும். கட்டுத்தறியில் நிற்கும் மாடு கூரை விழுந்தாலும் வெள்ளம் வந்தாலும் தப்ப முடியாது.

சிவப்பு அறிவிப்புக்குப் பின் தோப்பில் வேலை கூடாது. கூரை வீட்டில் இருப்பவர்கள் இருட்டும் முன்பே பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்விட வேண்டும். ரேடியோவும் உடன் போக வேண்டும்.

காற்று திடீரென்று ஓய்ந்தால்

புயலின் கண் ஊருக்கு நேராக வந்தால் காற்று சட்டென்று நின்று விடும். மாட்டைப் பார்க்கவும் ஓலையை எடுக்கவும் வெளியே வருபவர்கள் அப்போதுதான் சிக்கிக் கொள்கிறார்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பி அடிக்கும். புயல் முழுதும் கடந்து விட்டது என்று ரேடியோவில் சொல்லும் வரை கதவைத் திறக்கக் கூடாது.

புயலுக்குப் பிறகும் ரேடியோவின் வேலை முடிவதில்லை. ஆற்றில் திறந்து விடும் நீர், உடைந்த சாலை, நிவாரண முகாம், பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு ஆகிய விவரங்கள் அதன் வழியே கிடைக்கும். போன் இயங்கும் இடத்தில் 1077ல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை அழைக்கலாம்.

ஒரு தென்னை காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். கறவை மாடு போனால் வீட்டின் அன்றாட வருமானமே போகும். இவற்றைக் காக்க 48 மணி நேர அவகாசம் கிடைக்கிறது; அதை அறிந்து கொள்ள ஒரு சிறு ரேடியோவும் இரண்டு புதுக் கட்டைகளும் போதும். மழை பிடிக்கும் முன் இந்த வாரமே அவற்றை எடுத்துப் போட்டுப் பார்க்கவும்.