சத்துமாவு சரி... உறை சரிதானா?

ஐப்பசி அடைமழையில் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு நசநசவென்று நீர்த்துப் போயிருக்கும். அப்பளம் நமுத்திருக்கும். காற்றிலே அவ்வளவு ஈரம்! நீங்கள் பாடுபட்டு வறுத்து அரைத்த சத்துமாவு பாக்கெட்டைச் சுற்றி நிற்பதும் அதே காற்றுதான்.

இன்று டெல்டாவில் மகளிர் குழுக்களும் வீட்டோடு தொழில் செய்யும் பெண்களும் சத்துமாவு, மாப்பிள்ளை சம்பா கஞ்சி மாவு, கறுப்புக் கவுனி மாவு, முருங்கை இலைப் பொடி என்று விதவிதமாகத் தயாரித்து விற்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால், "மாவு நல்லா இருந்தா போதாதா? கவர்ல என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கவரில்தான் பாதி ஆரோக்கியம் இருக்கிறது!

உறைக்கு எதிரிகள் மூன்று

ஈரம், காற்று, வெளிச்சம். இந்த மூன்றும் செய்கிற வேலை வெவ்வேறு.

ஈரம் புகுந்தால் மாவு கட்டி தட்டும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும். வேர்க்கடலை, சோளம் போன்றவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் 'அஃப்லடாக்ஸின்' என்ற நஞ்சை உண்டாக்கும். இது ஈரலைத் தாக்கக்கூடியது. கஞ்சியாகக் கொதிக்க வைத்தாலும் முழுவதும் அழியாது. எனவே, 'மேலாக எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்' என்ற சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

காற்றிலுள்ள ஆக்ஸிஜன், முந்திரி, பாதாம், கடலை ஆகியவற்றின் எண்ணெயைக் கெடுத்துச் சிக்கு வாடை வரச் செய்யும். வெளிச்சமோ முருங்கைப் பொடியின் பச்சையை வெளிறச் செய்யும்; சில வைட்டமின்களையும் குறைத்துவிடும்.

நம் பாட்டிமார்கள் பத்தாயத்திலும் குதிரிலும் நெல்லைக் கொட்டி, வேப்பிலையும் நொச்சியும் போட்டு வைத்தது இந்த எதிரிகளை அறிந்துதான். நெல்லுக்கு மேலே உமி என்ற கவசம் உண்டு. அரைத்த மாவுக்கு அது கிடையாது. அந்தக் கவசத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

எந்த உறை எதற்கு?

வெறும் காகிதப் பை: ஈரம், காற்று இரண்டையும் விடும். பார்க்க அழகாக இருக்கும் பழுப்புக் காகிதப் பையை வாங்கினால், 'உள்ளே என்ன அடுக்கு ஒட்டியிருக்கிறது?' என்று கேட்டு வாங்குங்கள். பொருள் தெரிய வேண்டுமென்று வைக்கும் கண்ணாடி போன்ற ஜன்னல் வழியே வெளிச்சமும் உள்ளே வரும்.

சாதாரண பாலிதீன் பை: ஈரத்தை ஓரளவு தடுக்கும். ஆனால் காற்றையும் வாசனையையும் விட்டுவிடும். கொட்டைப் பருப்பு சேர்த்த மாவுக்கு இது போதாது.

பல அடுக்குப் பை: வெளியே பாலியெஸ்டர், நடுவே அலுமினியத் தகடு, உள்ளே பாலிதீன் என்று மூன்றும் ஒட்டிய பை. மூன்று எதிரிகளையும் தடுப்பதில் இதற்கு இணை குறைவு. விலை கூடுதல் என்றால், உலோகப் பூச்சு பூசிய பாலியெஸ்டர் பை அடுத்த தேர்வு.

டப்பா: மாத்திரை, கேப்ஸ்யூல் போன்றவற்றுக்கு ஏற்றது. மூடிக்குக் கீழே தகடு ஒட்டி சீல் வைத்திருக்க வேண்டும். கேப்ஸ்யூல் ஓடு ஈரத்தில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் சிலிகா ஜெல் பொட்டலம் போடுகிறார்கள். அதன் மேல் 'சாப்பிடக் கூடாது' என்று அச்சடித்திருப்பது அவசியம். இரும்புச் சத்து மாத்திரைகளைக் குழந்தை நிறைய விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு விஷயம். 'ஜிப்' வைத்த பையில் ஜிப் மட்டும் சீல் ஆகாது. அது வாங்கியவர் திறந்து மூடுவதற்குத்தான். அதற்கு மேலே சூட்டில் ஒட்டும் சீல் கட்டாயம் வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

இரண்டு மூன்று வகைப் பைகளின் மாதிரிகளை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே மாவை 200 கிராம் போட்டு சீல் வையுங்கள். துல்லியமான தராசில் எடை போட்டு, பையின் மேல் எழுதுங்கள். மழைக்காலத்தில் சமையலறை அலமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எது அதிகம் எடை கூடுகிறதோ, அது ஈரத்தை அதிகமாக உள்ளே விடுகிறது என்று அர்த்தம்.

சீல் சரியா என்று பார்க்க, காற்று அடைத்து சீல் வைத்த பையைத் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் சீல் சரியில்லை.

இன்னொன்று: மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அப்படியே அடைத்தால் உள்ளேயே வியர்த்துவிடும். சுத்தமான துணியில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு, அன்றைக்கே அடைத்துவிடுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையும் உள்ளே அடைபட்ட ஈரத்தை விரட்டாது.

மேலே என்ன எழுத வேண்டும்?

பொருளின் பெயர், சேர்மானங்கள், சத்து விவரம், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் ஆகியவை வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ விவரம் இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் போடுங்கள். நம்மூர் அம்மாக்கள் படிக்க வேண்டாமா?

வேர்க்கடலை, முந்திரி, பாதாம், கோதுமை, சோயா, பால் ஆகியவை இருந்தால், ஒவ்வாமைக்காரர்களுக்காகத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சிலருக்கு ஒரு துளிக் கடலை மாவே மூச்சுத் திணறலைக் கொண்டுவந்துவிடும். அவர்களுக்கு அந்த ஒரு வரிதான் உயிர்க்காப்பு.

சத்துமாவு உணவு, மாத்திரை, கேப்ஸ்யூல் வடிவில் வரும் துணைச் சத்துப் பொருட்களுக்கு 2016-ல் தனி விதிமுறையே வந்தது. அவற்றின் மேல், 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்றும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்றும், ஒரு நாளைய அளவு எவ்வளவு என்றும் இருக்க வேண்டும். 'சர்க்கரை வியாதியைக் குணப்படுத்தும்' என்று எதன் மேலும் போடாதீர்கள். சட்டப்படி தப்பு. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

கொழுகொழு குழந்தைப் படம் போட்டால் விற்பனை கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் இணை உணவு என்று விற்கும் பாக்கெட்டில் குழந்தைப் படமோ தாயின் படமோ கூடாது. 1992-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. படத்தைப் பார்த்து யாரும் தாய்ப்பாலைக் குறைத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

சிறுகக் கட்டி...

ஆரம்பத்திலேயே பையில் நேரடியாக வண்ண அச்சுப் போடாதீர்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி உருளை செய்ய வேண்டும். பைகளும் ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். சேர்மானத்தில் சின்ன மாறுதல் என்றாலும் அத்தனையும் வீண். அச்சில்லாத பையில், ஈரத்தில் உரியாத ஸ்டிக்கர் ஒட்டித் தொடங்குங்கள். ஒரு கிலோ பையைவிட 250 கிராம் பை நல்லது. திறந்த பையை எவ்வளவு சீக்கிரம் தீர்க்கிறோமோ அவ்வளவு பத்திரம்.

'மூணு மாசம் தாங்கும்' என்று குத்துமதிப்பாகத் தேதி போடாதீர்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக 'நிஃப்டெம்', இருக்கிறது. மழையில் நனைந்த டெல்டா நெல்லைக் காப்பாற்றுவதற்காக 1967-ல் திருவாரூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 2021-ல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக உயர்ந்தது. உணவுப் பரிசோதனைக் கூடமும், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு வழிகாட்டும் மையமும் அங்கே உண்டு. மாவையும் பையையும் கையோடு எடுத்துப் போய், எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு, அந்தத் தேதியைப் போடுங்கள்.

வாங்கும் வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை: வாசல் தேடி வரும் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் முதலில் சீலைப் பாருங்கள், அடுத்து தேதியைப் பாருங்கள். விலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.